ஒரு நாள் பேர்

போன மாதம் சிநேகிதி ஒருத்தி போன் எடுத்தாள். பிள்ளைகளோடு மலையகத்தில் இருக்கிற அப்புத்தளைக்குப் போகப்போகிறாளாம். ஹோட்டல் வேண்டாமாம். நான் தங்கிய வீட்டில் ஒருதரம் கேட்டுப்பார்க்க முடியுமா என்றாள். கேட்கிறேன் என்றேன். ஆனால் அதற்கு முன்னால் அவளிடம் சொல்லவேண்டியது கொஞ்சம் இருந்தது. சொல்லத் தொடங்கி, பாதியில் அவள் பிள்ளையைக் கூட்டிவரப் போய்விட்டாள். அதனால் இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கிற வேறு யாருக்கும் பயன்படட்டும்.

நான் யாழ்ப்பாணத்தவள். பன்னிரண்டு வருடமாகக் கொழும்பில் வேலை. மலையகம் எனக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில்தான் அறிமுகம். கண்டி, நுவரெலியா, ஹக்கல பூந்தோட்டம், திரும்பி வரும்போது ஒரு தேயிலைத் தொழிற்சாலை. பஸ் யன்னலால் பார்த்தால் பச்சைக்கு நடுவில் நிறம் நிறமாகப் பெண்கள். நாங்கள் கை காட்டுவோம், அவர்களும் காட்டுவார்கள். எங்களைப் போலவே தமிழ் பேசுகிறவர்கள் என்று தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அப்படியே முப்பத்தெட்டு வயதாகிவிட்டது.

2024 ஏப்ரலில், புதுவருடம் முடிந்த கையோடு, பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு அப்புத்தளைக்குப் போக ஏற்பாடு செய்தேன். ஹோட்டலும் பதிந்தாயிற்று. எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிற தங்கச்சி ஒருத்தி அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். என் போனில் ஹோட்டலின் படத்தைப் பார்த்துவிட்டு, "எங்க வீடு அங்கதானே இருக்கு அக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த நாள் ஹோட்டலை ரத்துச் செய்தேன்.

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ரயில் எட்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. நாட்டிலேயே உயரத்தில் இருக்கிற பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டினதும் ஒரு சுரங்கம் வரும். இந்தப் பக்கம் தூறலும் இருட்டும், அந்தப் பக்கம் வெயில். மகள் கைதட்டினாள். சரி, அந்த ரயில் பயணத்தைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நிலையத்தில் தங்கச்சியின் தம்பி காத்திருந்தான், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறவன். பஸ்ஸில் கொஞ்ச தூரம், பிறகு தேயிலைக்கு நடுவால் இருபது நிமிடம் ஏற்றம். என் காலில் ஏறிய அட்டையை அவன் சவர்க்காரத் துண்டு ஒன்றால் தேய்த்து விழுத்தினான். அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான், விருந்தாளிக்காக.

வீடு என்றால் லயன். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், முன்னால் ஒடுங்கின இஸ்தோப்பு, பின்னால் தகரம் அடித்து இறக்கின குசினி. குசினி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஊருக்கு வந்தமாதிரி இருந்தது. எங்கள் பக்கமும் சமையலறைக்கு அதே சொல்தான். வாசலில் நின்ற அம்மா, "வாங்க புள்ள, வாங்க பாப்பா, குளிருதா?" என்று மகளின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். மகள் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பெருவிரலும் சுட்டுவிரலும் கறுத்து, வெடித்து, வெடிப்புக்குள் கொழுந்தின் கறை கோடு கோடாக இறங்கியிருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாதாம்.

தங்கச்சியின் அப்பா கொழும்பில் கடையொன்றில் வேலை, மாதம் ஒருதரம் வருவார். வீட்டில் அம்மாவும் தம்பியும் அப்பாவின் தாயாரும்தான். அவரை எல்லோரும் அப்பாயி என்கிறார்கள். நாங்கள் அப்பம்மா என்போம்.

இரவுச் சாப்பாடு ரொட்டியும் இடித்த சம்பலும், தோட்டத்துப் போஞ்சியும். மகளுக்கு மூன்றாவது ரொட்டியை வைக்கப்போனார் அம்மா. "காணும், காணும்" என்றாள் மகள். அப்பாயி பதறிப்போய், "என்னத்தக் காணோம் பாப்பா?" என்று பாயைத் தூக்கித் தேடத் தொடங்கிவிட்டார். எங்கள் ஊரில் காணும் என்றால் போதும் என்று அர்த்தம் என நான் விளங்கப்படுத்த, குசினி முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு மூன்று நாளும் அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் "காணும்"தான். தம்பி தேத்தண்ணி ஊற்றும்போதுகூட அம்மா "காணும்ப்பா" என்றார்.

ஹோட்டலில் இது நடக்காது. அங்கே என் தமிழை யாருக்கும் விளங்கப்படுத்த வேண்டிய தேவை வராது. நான் பேசுவது அவர்களுக்கும் அவர்கள் பேசுவது எனக்கும் ஒரு அங்குலம் தள்ளி விழுவதும், அந்த அங்குலத்தை இரண்டு பக்கமும் சேர்ந்து மூடுவதும், ஒரே அடுப்புக்கு முன்னால் இருந்தால்தான் நடக்கும்.

முதல் இரவு பின்பக்கம் போகவேண்டி எழுந்தேன். கழிவறை வெளியில், பக்கத்துக் காம்பராவுக்கும் சேர்த்து ஒன்று. டோர்ச் வெளிச்சத்தில் குசினியைக் கடந்தபோதுதான் பார்த்தேன். அம்மாவும் அப்பாயியும் அடுப்பங்கரைத் தரையில் சாக்கை விரித்து அதற்கு மேல் பாயைப் போட்டுப் படுத்திருந்தார்கள். வீட்டில் கட்டில் ஒன்றுதான். அதில் நானும் மகளும். எழுபத்தெட்டு வயது மனுசி, ஏப்ரல் மாதத்து மலைக் குளிரில் சீமெந்துத் தரையில். அதற்குப் பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. காலையில் நாங்கள் கீழே படுக்கிறோம் என்று எவ்வளவு சொல்லியும் அப்பாயி ஒத்துக்கொள்ளவில்லை. "அடுப்புச் சூடு எனக்குத்தான் வேணும்" என்று முடித்துவிட்டார்.

அம்மா ஐந்து மணிக்கு முன்பே எழுந்துவிடுவார். கவ்வாத்து வெட்டின, அதாவது தேயிலைச் செடியைக் குறைத்து வெட்டின மலையிலிருந்து கட்டிவந்த மிலாறு, அந்தச் சுள்ளிதான் விறகு. அது படபடவென்று பிடிக்கும், சீக்கிரம் சாம்பலாகும், ஆகவே அடுப்பை விட்டு நகர முடியாது. காலையில் சாயத்தண்ணி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. அந்தத் தேயிலை தோட்டத்தில் கிடைக்கிற தூள். மலையின் நல்ல தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போய்க் கப்பலேறிவிடுகிறது. ஆனாலும் அந்தக் குளிரில், அந்த அடுப்படியில் குடித்த சாயத்தண்ணியின் உறைப்பு இப்போதும் நாக்கில் இருக்கிறது.

இரண்டாம் நாள் மகள் அடம்பிடித்ததால் அம்மாவோடு மலைக்குப் போனோம். இங்கே மலை என்றால் தேயிலை நிரை நிற்கிற துண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டினார், தலையில் கயிற்றை மாட்டிப் பையை முதுகில் விட்டார். பிறகு அந்தக் கைகள் வேலை செய்ததைப் பார்க்கவேண்டும். கண் எங்களைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருக்கிறது. கை தன்பாட்டுக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே என்று தெரிந்து நுள்ளுகிறது. கைப்பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னுக்கு எறிகிறார், ஒரு கொழுந்து கீழே விழுவதில்லை. மகள் அரை மணி நேரம் பறித்தாள். அம்மா அதைத் தன் பையில் போடாமல் முந்தானையில் வாங்கிக்கொண்டார். முற்றின இலையும் காம்பும் கலந்திருந்தால் நிறுக்கும் இடத்தில் கழித்துவிடுவார்களாம்.

அங்கே ஒரு நாள் வேலைக்குப் பேர் என்று பெயர். குறித்த அளவு கொழுந்து எடுத்தால் முழுப் பேர் விழும். அந்தத் தோட்டத்தில் அது 18 கிலோ. குறைந்தால் அரைப் பேர். 18 கிலோ பச்சைக் கொழுந்தை வாடவைத்து, அரைத்து, புளிக்கவைத்து, உலர்த்தி எடுத்தால் தேயிலைத் தூளாக ஏறத்தாழ நாலு கிலோதான் வரும். அப்போது நாள் சம்பளம் 1000 ரூபாய். பல வருடம் போராடி 2021இல் கிடைத்த தொகை.

பத்து மணிபோல அம்மா பையை நிறுக்கக் கொடுத்துவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு இறங்கிவிட்டார். மத்தியான இடைவேளைக்குப் பிறகு திரும்பிப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. கோழி வாங்கியிருந்தார். கோவாவும் கரட்டும் பக்கத்துப் பாத்தியில் பிடுங்கினார். நெத்தலி பொரித்தார். இரண்டு மணி நேரம் அடுப்போடு நின்று சமைத்து, எங்களுக்குப் பரிமாறி, நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. எவ்வளவு அன்பு என்று தங்கச்சிக்கு வட்ஸ்அப்பில் படம்கூட அனுப்பினேன்.

பின்னேரம் மழை. இஸ்தோப்பில் தம்பியும் மகளும் கணக்குப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். தம்பி தன் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தான். அதன் பின்பக்கங்களில் அம்மா ஒவ்வொரு நாளும் காலை, பகல், பின்னேரம் நிறுத்த கிலோவைத் தன் கையால் எழுதிவைக்கிறார். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பதில் பிழை வந்தால் கேட்பதற்கு. கோணல்மாணலான இலக்கங்கள். 7, 8, 6. 9, 8, 7. மகள் கூட்டிக் கூட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசி வரியில் நின்றாள். அன்றைய தேதி, 6 என்று ஒரேயொரு இலக்கம், பக்கத்தில் "அரை". அதற்கு முந்தின நாள், நாங்கள் வந்து இறங்கின நாள், தேதிக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. வெறும் கோடு.

"அம்மாவுக்கு சுகமில்லையா அண்டைக்கு?" என்று மகள் கேட்டாள்.

"நீங்க வந்தீங்கள்ல" என்றான் தம்பி, சாதாரணமாக.

ஏப்ரல் மழைக்குக் கொழுந்து பெருகி நிற்கிற நேரம். 18க்கு மேல் எடுக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு. அந்த வாரம் அம்மா வேலைக்குப் போயிருந்தால் இருபத்தைந்து கிலோவும் எடுத்திருப்பார். நான் ரத்துச் செய்த ஹோட்டலின் வாடகை ஒரு இரவுக்கு அம்மாவின் இரண்டு வாரச் சம்பளத்துக்குக் கிட்ட வரும். அந்தக் காசு என் பையில் மிச்சம். அந்த வீட்டில் ஒன்றரைப் பேர் நட்டம், அதற்கு மேல் ஒரு கோழி.

அன்று இரவு மழை நிற்கவில்லை. தகரத்தில் அடிக்கிற சத்தத்தில் பேச்சே கேட்காது. அப்பாயி எழுந்து இருந்தார். நானும் போய் அடுப்படியில் இருந்தேன். மழை பலமாகப் பெய்தால் அவர் படுப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலையில், கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை அப்படியே மூடியது. அது இங்கிருந்து தூரமில்லை. "அண்டையிலருந்து மழைன்னா ஒரு காது முழிச்சுக்கிட்டேதான் இருக்கும்" என்றார். அப்புறம் தன் கூடப்பிறந்த தங்கையைப் பற்றிச் சொன்னார். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தில் தோட்டத்துத் தமிழரை எண்ணிக்கை போட்டுப் பிரித்தார்களே, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே என்று. அதில் தங்கையின் குடும்பம் அந்தப் பக்கம். ரயிலில் தலைமன்னார் வரைக்கும், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். இப்போது கூடலூரில், அங்கேயும் தேயிலைத் தோட்டம்தான். ஒருதரம்கூடத் திரும்பப் பார்க்கவில்லை. அப்பாயிக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கையில் கிடைத்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. பிறந்ததிலிருந்து இதே மலையில் இருக்கிற மனுசி.

இதையெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் ஒரு பந்தியாகப் படித்திருக்கிறேன். 1948இல் இவர்களை நாடற்றவர்களாக்கின பிரஜாவுரிமைச் சட்டம், இரண்டு வரி, பரீட்சைக்கு வரும். 2023இல், இவர்களின் முன்னோர் வந்து இருநூறு வருடம் ஆனதற்காக, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, இந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு முதன்முதல் வந்தவர்கள் நடந்த அதே வழியில். எங்கள் தங்கச்சியும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய் நடந்தாள். திங்கட்கிழமை காலில் கொப்புளத்தோடு வேலைக்கு வந்தாள். செருப்பு சரியில்லையா என்று கேட்டேன் நான். அது இப்போதும் என் மனதில் கிடந்து உறுத்துகிறது.

மூன்றாம் நாள் புறப்படும்போது காசு கொடுக்கப் பார்த்தேன். அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மகளோட அக்கா நீங்க. வீட்டுக்கு வந்தவங்ககிட்ட காசா?" அப்பாயி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி என்று ஒரு கடித உறையில் பதினையாயிரம் ரூபாயைப் போட்டு அரிசி வாளிக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன். அதுதான் நல்ல வழி என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்துத் தங்கச்சி அந்த உறையைப் பிரிக்காமல் என் மேசையில் வைத்தாள். அழவில்லை. ஆனால் குரல் சரியில்லை. "அம்மா கேட்டாங்க, நாங்க என்ன தப்பா கவனிச்சோம்னு." ஒளித்துவைத்த காசு அந்த வீட்டில் கூலியாகவும் படவில்லை, அன்பளிப்பாகவும் படவில்லை. ஏதோ கணக்கை முடித்துவிட்டு ஓடிப்போனவள் மாதிரி இருந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் நான் அந்தக் கொப்பியைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கோட்டையும், "அரை" என்று எழுதியிருந்ததையும். அவளுக்கு அது தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு வெளியே போய் அம்மாவுக்குப் போன் எடுத்தாள்.

அந்தப் பேச்சு ஒரு மாதம் நீண்டது. கடைசியில் அம்மாவே என்னோடு பேசினார். "சும்மா குடுத்தா வாங்கமாட்டேன் புள்ள. நான் வேலைக்குப் போகாத நாளைக்கு என் பேரைக் குடுங்க. அது எனக்கு வர வேண்டியது." நான் கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கேட்டேன். சாப்பாட்டுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு வாங்க என்றார். கட்டிலுக்கு வாடகை என்று பேசக்கூடாது, தம்பியின் டியூஷன் காசில் போடுங்கள் என்றார். ஒரு வீட்டுக்குக் கௌரவமும் வேண்டும், சம்பளமும் வேண்டும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

அதனால்தான் சிநேகிதிக்குச் சொல்கிறேன்: போவதற்கு முன்பே பேசு. வெட்கப்படாமல், நேராக, ரயில் ஏறமுதல். எத்தனை நாள், யார் வேலைக்குப் போகாமல் நிற்கவேண்டி வரும், அந்த நாளின் பேர் எவ்வளவு. அவர்கள் அன்பானவர்கள், ஒன்றும் எதிர்பார்க்கமாட்டார்கள் என்று நாங்கள் சொல்லிக்கொள்வது எங்களுக்கு வசதியான பேச்சு. அவர்கள் எதிர்பார்க்கமாட்டார்கள் என்பது உண்மைதான். அதற்காக அந்த நாளின் சம்பளம் வானத்திலிருந்து விழாது. பெரிய சொக்லேட் பெட்டி கொண்டுபோக வேண்டாம். கருவாடு கொண்டுபோ, பனங்கட்டி, பருத்தித்துறை வடை, நல்லெண்ணெய். குளிருக்கு நல்ல விரிப்பு ஒன்று கொண்டுபோய் அங்கேயே விட்டுவிட்டு வா. பீலியில், மலைத் தண்ணி விழுகிற குழாயடியில், குளிக்கப்போனால் வேலைவிட்டு வருகிற பெண்களின் நேரத்தில் போய் நிற்காதே, அவர்களுக்கு அந்த அரை மணிதான். காம்பராவுக்குள் படம் எடுக்காதே.

வீட்டில் தங்குவது என்றதும் எல்ல, அப்புத்தளை நகரங்களில் இருக்கிற ஹோம்ஸ்டேக்கள்தான் எல்லோருக்கும் நினைவு வரும். சுற்றுலா அதிகார சபை பதிவு கொடுக்கிறது, நல்ல இடங்களும் இருக்கின்றன. ஆனால் லயனில் இருக்கிறவர்கள் அந்த வருமானத்தின் பக்கம் போகமுடியாமல் நிற்கிறார்கள். காணி அரசாங்கத்தினது, 1992இலிருந்து நடத்துவது குத்தகைக்கு எடுத்த கம்பெனிகள். ஆறு தலைமுறை இருந்த காம்பராவும் குடியிருப்பவரின் பெயரில் இல்லை. அம்மாவின் தம்பிக்கு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்திருக்கிறது. இரண்டு அறை, ஓரளவு வசதி. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டமாகப் போகிற பீக்கோ ட்ரெயில் என்ற நடைபாதையில் வெள்ளைக்காரர்கள் இந்த மலைகளுக்குள்ளால் நடக்கிறார்கள். ஒரு அறையை அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று அவருக்கு ஆசை. "வீடு இருக்கு, காணி உறுதிப் பத்திரம் கையில இல்ல. எத வச்சுப் பதியிறது?" என்று கேட்டார். நடக்கிறவர்கள் லயன் வாசலில் நின்று மலையைப் படம் எடுத்துவிட்டு, படுக்க நகரத்துக்குப் போகிறார்கள். இது மாறவேண்டும். காணி உறுதி கிடைத்தால் இந்தப் பெண்களில் கொஞ்சப் பேராவது கொழுந்தை மட்டும் நம்பாமல் இருக்கலாம்.

அந்த வருடக் கடைசியில் திரும்பவும் போனோம். செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ஆகியிருந்தது. பேசினபடி ஒரு நாள் அம்மா வீட்டில் நின்றார், மற்ற நாட்கள் மலைக்குப் போனார். அவர் வேலைக்குப் போன நாளில் நான் சமைத்தேன், எங்கள் ஊர் ஒடியல் கூழ். அப்பாயி ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார், பிறகு கோப்பையை நீட்டினார். எங்களுக்கு இந்தமுறை மெத்தை ஒன்று தரையில். கட்டிலில் அப்பாயி.

புறப்படுகிற அன்று காசை அம்மாவின் கையில் எண்ணிக் கொடுத்தேன். அவரும் எண்ணினார். பிறகு கொப்பியை எடுத்து, பேனையைத் தட்டிப்பார்த்து, நின்ற அந்த நாளின் தேதிக்கு நேராக எழுதினார். மகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து வாசித்தாள்.

"பாப்பா வந்தது. முழுப் பேர்."